ஆளுடைய பிள்ளையாரும் பிணி தீர்த்த பண்ணும்

திருக்கோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்புக்கு அணித்தாய், கரிய கனிமணல் செறிந்த கடற்கரையை உடையது புல்மோட்டை. 2009ஆம் ஆண்டிலே போரிற் காயமுற்றோரும் நோயுற்றோரும் கப்பல்வழியாகக் கொணரப்பட்டு இக்கரையிலே இறக்கப்பட்டனர். பாரத நாட்டு மருத்துவக் குழுவினர் இங்கே மருத்துவமனை அமைத்து அவர்களுக்குச் சிகிச்சை செய்தனர். உடற்புண்ணை மருந்து ஆற்றும். உள்ளத்தின் புண்ணை ஆற்றுவது யாது? இவ்வினாவை நெஞ்சிற்கொண்டு, திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரது திவ்விய சரித்திரத்தை ஈண்டு ஒருவாறு சிந்திப்பாம்.

பிள்ளையார் கி.பி. 7ஆம் நூற்றாண்டிலே சீகாழியிற் கவுணியர் குலத்திலே, சிவபாதவிருதயருக்கும் பகவதியாருக்கும் திருமகனாராய் அவதரித்தருளினர். மூன்றாம் ஆண்டிலே உமையம்மையார் ஊட்டிய ஞானப்பாலுண்டு பாடத் தொடங்கினர். திருக்கோலக்காவிலே சிறு கையாற் காலம் ஒற்றிப் பாடியபோது, அக்கை நோவாவண்ணம் இறைவன் பொற்றாளம் ஈந்தருளினன். பின்னர்த் திருநீலகண்ட யாழ்ப்பாணர், தம் மனைவியார் மதங்கசூளாமணியாரோடு வந்து சேர்ந்தனர். பாணர் குலத்தவராகிய அவரைப் பிள்ளையார் பிரியாத் துணைவராகக் கொண்டனர். இசையின் முன்னே குலவேறுபாடு நில்லாமையை ஆசிரியன்மார் ஈண்டு உணர்ந்துகொள்க.

திருப்பாச்சிலாச்சிராமத்திலே கொல்லிமழவனுடைய மகள் முயலகன் என்னும் நோயினால் உணர்விழந்து கிடந்தாள். தந்தை அவளைத் திருக்கோயிலிற் கொண்டுவந்து கிடத்தியிருந்தான். பிள்ளையார் தக்கராகப் பண்ணிலே பதிகம் பாட, அவள் எழுந்து நடந்தாள். கொங்கு நாட்டுத் திருக்கொடிமாடச் செங்குன்றூரிலே பனிக்காலத்து நளிர்சுரம் உடன்வந்த அடியாரை வருத்திற்று. வியாழக்குறிஞ்சிப் பண்ணிலே திருநீலகண்டப் பதிகம் பாடப்பட்டது. அடியார்க்கு மாத்திரமன்றி அந்நாட்டார்க்கும் அந்நோய் நீங்கிற்றென்று சேக்கிழார் சுவாமிகள் கூறுவர்.

மதுரையில் நிகழ்ந்ததோ இவற்றினும் அரியது. பிள்ளையார் தங்கிய திருமடத்துக்கு இரவிலே தீயிடப்பட்டது. அத்தீ அவர் வாக்கினால் பாண்டியனைச் சென்று வெப்புநோயாய்ப் பற்றிற்று. அப்பொழுதும், மங்கையர்க்கரசியாரது மங்கலத்தைக் கருதி, அது மெல்லச் சென்று சாருமாறே பணித்தனர். பின்னர் அவ்வரசனுடைய அரண்மனைக்கே தாம் எழுந்தருளி, காந்தாரப் பண்ணிலே திருநீற்றுப் பதிகம் பாடி, திருநீறு தடவி, அவனது வெப்பந் தணித்தனர். தமக்குத் தீங்கு நேர்ந்த இடத்திலேயே நலஞ்செய்தமையன்றோ இதன் உயிர்நிலை!

இவ்வற்புதங்களைக் கொண்டு, வலிப்புற்ற பிள்ளைக்கும் காய்ச்சலுற்ற பிள்ளைக்கும் பாட்டே போதும் என்று ஓர் ஆசிரியர் இருந்துவிடுவாராயின், அது பக்தியன்று, பெரும் பிழையாம். மருத்துவரிடம் விரைந்து அனுப்புதலே கடன். அவதார புருடருக்குக் கைவந்தது நமக்குக் கைவருமென்று எண்ணலாகாது. பாட்டினால் நமக்கு ஆகற்பாலது பிறிதொன்று. பண்ணோடு பாடுவோன் மூச்சை ஆழ வாங்கி மெல்ல விடுகின்றான். தாளத்தில் மனம் ஒன்றுகின்றது. பலர் குரலோடு தன் குரல் சேர்தலால் தனிமை அகலுகின்றது. 2020இல் இங்கிலாந்திலே, கோவிட் நோயின் பின்னும் மூச்சிளைப்பு நீங்காதோர்க்குத் தாலாட்டுப் பாடல்களைக் கொண்டு மூச்சுப் பயிற்சி அளிக்கத் தொடங்கினர். அதனால் அவர்தம் மனநலம் மேம்பட்டதென்று 2022இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. அங்கும் பாட்டு மருத்துவத்துக்குத் துணையாகவே நின்றது.

பிள்ளையார் இராமேச்சுரத்தில் எழுந்தருளியிருந்தபோது, கடல் கடவாமலே, நம் திருக்கோணமலைக்கு ஒரு பதிகம் அருளினர். அது புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. பகற்பண்களுள் முதலாவதாய்ப் புலரிக்கு உரியது. பூபாளம் என இக்காலத்தார் பாடுவது அதனையே. 17ஆம் நூற்றாண்டிலே பறங்கியர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். கல் வீழ்ந்தது, பண் வீழ்ந்திலது. அதனைக் காத்தவை மாந்தரின் நாவுகளே.

பதினாறாம் ஆண்டிலே, வைகாசி மூலத்தன்று, திருநல்லூர்ப் பெருமணத்திலே தம் திருமணத்துக்கு வந்தார் அனைவரையும் முன்னே சோதியிற் புகுவித்து, தாம் பின்னே புகுந்தனர். பிறரை முற்படுத்துதலே அவர் வாழ்வின் முறை போலும்.

ஆசிரியப் பெருமக்காள்! பரீட்சைப் பாடங்களின் நெருக்கத்தினாலே காலைத் தேவாரம் பல பாடசாலைகளில் ஓரிரு நிமிடத்து விரைவொலியாய்ச் சுருங்கியிருத்தலை நாம் அறிவோம். ஒரு பதிகத்தையேனும் பண்ணறிந்து, தாளமிட்டு, மூச்சு நிறைய நிதானமாகப் பாடுவியுங்கள். குரல் நன்றாயில்லாத பிள்ளையை வாய்மூடி நிற்கச் செய்யாதீர்கள். ஆறுதல் மிக வேண்டப்படுவது அப்பிள்ளைக்காகவும் இருக்கலாம். பாட மறுத்து மௌனமாய் நிற்கும் பிள்ளையைக் கடியாது அருகில் இருத்திக் கேட்பியுங்கள். கேட்ட பண் ஒருநாள் அதன் நாவிலும் எழும்.

திருச்சிற்றம்பலம்.