தொலைந்து மீண்ட சீரிஸ்

புதிய சிறுகோள் ஒன்று தொலைநோக்கியில் சிக்கினால், அதன் இருப்பிட விவரம் உடனுக்குடன் உலகெங்கும் உள்ள வானியலாளர்களைச் சென்றடைகிறது. இந்த ஒழுங்கு ஏன் தேவை என்பதை, முதல் சிறுகோளைக் கண்டறிந்த ஜியுசெப்பே பியாஸியின் வாழ்க்கையே உணர்த்துகிறது.

இத்தாலியின் வட கோடியில் 1746-இல் பிறந்த பியாஸி, தியேட்டைன் சபைத் துறவி. பலேர்மோவில் கணிதம் கற்பித்தவர். லண்டன் சென்று, ராம்ஸ்டென் என்ற கைவினைஞரிடம் ஐந்தடி விட்டமுள்ள வட்டக் கருவியைச் செய்வித்து வந்தார். அதைக் கொண்டு பலேர்மோ அரண்மனையில் 1790-இல் வானாய்வகம் அமைத்தார். விண்மீன்களின் இருப்பிடங்களைப் பிழையின்றி அட்டவணைப்படுத்துவதே அவரது நோக்கம். ஒரே விண்மீனைப் பல இரவுகள் அளப்பது அவரது வழக்கம்.

அந்தப் பொறுமைக்குப் பலன் 1801 ஜனவரி 1 அன்று கிடைத்தது. ரிஷப ராசியில் அவர் அளந்த மங்கலான ஒளிப்புள்ளி, அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறியிருந்தது. வால்மீன் என்றே வெளியில் அறிவித்தார். மிலானில் இருந்த நண்பர் ஓரியானியிடம் மட்டும், அது வேறு மேலான ஒன்றாக இருக்கக்கூடும் என்ற ஐயத்தைப் பகிர்ந்துகொண்டார். முழு அளவீடுகளை எவருக்கும் உடனே தரவில்லை. பிப்ரவரி 11-க்குப் பின் அவரது உடல்நலம் குன்றியது. அந்தப் பொருளும் சூரிய ஒளியில் மறைந்தது.

அளவீடுகள் முழுமையாக வெளியானபோது மாதங்கள் கடந்திருந்தன. எங்கே தேடுவது என்று எவருக்கும் தெரியவில்லை. 24 வயது காஸ் அந்தச் சில வார அளவீடுகளிலிருந்தே சுற்றுப்பாதையைக் கணித்தார். அவர் சுட்டிய பகுதியில், அவ்வாண்டின் கடைசி இரவில், வான் சாக் அதை மீண்டும் கண்டார். சீரிஸ் பிழைத்தது.

பியாஸியைக் கௌரவிக்கத் தங்கப் பதக்கம் வார்க்க மன்னர் விரும்பினார். அந்தப் பணத்தில் தொலைநோக்கி வாங்கலாம் என்றார் அவர். 1814-இல் 7,646 விண்மீன்கள் கொண்ட அட்டவணையை வெளியிட்டார். 1826-இல் நேப்பிள்ஸில் மறைந்தார். ஆயிரமாவது சிறுகோள் அவர் பெயரைத் தாங்குகிறது.

பியாஸியின் தயக்கம் மனித இயல்பு. அவசரப்பட்டுப் பிழையாக அறிவித்துவிடக் கூடாதே என்ற அச்சமும் அதில் இருந்திருக்கலாம். ஆனால், பூமியை நெருங்கும் கற்களைத் தேடும் இக்காலத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. அளவீடுகளைப் பகிரவே 1947-இல் சிறுகோள் மையம் நிறுவப்பட்டது. 2024 டிசம்பரில் சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்ட ஒரு சிறுகோள், 2032-இல் பூமியில் மோதக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. பல நாட்டு அளவீடுகள் ஒன்றுசேர்ந்ததால் சில வாரங்களிலேயே அந்த அச்சம் நீங்கியது. கண்டறிவது ஒருவரின் பெருமை. தொலையாமல் காப்பது அனைவரின் கடமை.