படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டியவர்: ழான் ரூஷ்

1917இல் பரிசில் பிறந்த ழான் ரூஷ் படித்தது பொறியியல். 1941இல் வீதி அமைக்கும் வேலைக்காக மேற்கு ஆபிரிக்காவின் நைஜருக்குப் போனார். அங்கு வேலைத்தளத்தில் மின்னல் தாக்கித் தொழிலாளர்கள் இறந்தனர். அதையொட்டி ஊர் மூதாட்டி ஒருவர் நடத்திய சடங்கைக் கண்டதுதான் அவரை மானிடவியலுக்குத் திருப்பியது.

போர் முடிந்தபின், 1946இல், இரு நண்பர்களுடன் நைஜர் ஆற்றுவழியே பயணம் செய்தார். கமராவைத் தாங்கும் முக்காலி ஆற்றோடு போய்விட்டது. அதன்பின் கையில் பிடித்தபடியே, மனிதர்களுக்குப் பக்கத்தில் நின்று படமெடுக்கப் பழகினார்.

நீர்யானை வேட்டை பற்றி 1951இல் எடுத்த படத்தைச் சில ஆண்டுகளின் பின் வேட்டைக்காரரின் ஊரிலேயே திரையிட்டார். வேட்டைக் காட்சிக்கு அவர் சேர்த்திருந்த இசையை அவர்கள் ஏற்கவில்லை. சத்தம் கேட்டால் நீர்யானை ஓடிவிடும் என்றார்கள். ரூஷ் இசையை நீக்கினார். பகிரப்பட்ட மானிடவியல் என்று அவர் பெயரிட்ட முறை இதிலிருந்துதான் வளர்ந்தது.

அவர்மீது விமர்சனமும் உண்டு. ஆபிரிக்கரைப் பூச்சிகளை ஆராய்வதுபோல் பார்க்கிறார் என்று செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன் நேருக்கு நேரே குற்றஞ்சாட்டினார்.

1960 கோடையில் சமூகவியலாளர் எட்கார் மொரெனுடன் சேர்ந்து பரிஸ் மக்களைப் படமாக்கினார். நாசி வதைமுகாமிலிருந்து மீண்ட மார்சலின் என்ற பெண், ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து தனியே நடந்தபடி, திரும்பிவராத தன் தந்தையுடன் பேசுகிறார். பின்னர், பங்கேற்றவர்களுக்கே படத்தைக் காட்டி, அவர்கள் முரண்பட்டு விவாதித்ததையும் படத்தில் சேர்த்தார்கள்.

வன்னியில் இருந்து இதை எழுதும்போது அந்த இடத்தை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் எங்களைப் படமெடுத்தார்கள். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் அமர்ந்த தாய்மாரையும் எடுத்தார்கள். எங்கள் அழுகை எங்கெங்கோ ஓடுகிறது. அதில் எது சரி, எது பிழை என்று எங்களிடம் கேட்டவர்கள் மிகக் குறைவு. இனி வருவோரிடம் அதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

ரூஷ் கடைசிவரை நைஜருக்குப் போய்வந்தார். 2004 பெப்ரவரியில் அங்கேயே வீதி விபத்தில் இறந்தார். அவருடைய உடல் தலைநகர் நியாமேயில் அடக்கம் செய்யப்பட்டது.