பனிமலையில் மனிதர்களைப் பறக்கவிட்ட பொறியாளர்: யார் இந்த ஸ்டாங்கோ புளவ்டெக்?

254.5 மீட்டர்.

2025 மார்ச் 30ஆம் தேதி, ஸ்லோவீனியாவின் டோமென் பிரெவ்ட்ஸ் பனிமலை ஒன்றிலிருந்து பாய்ந்து, இவ்வளவு தூரம் காற்றில் பறந்து தரையிறங்கினார். ஸ்கீ ஃபிளையிங் விளையாட்டில் அது புதிய உலகச் சாதனை.

எவ்வளவு தூரம்னு கற்பனை பண்ண முடியலையா? இரண்டு காற்பந்துத் திடல்களை நீளவாக்கில் அடுத்தடுத்து வைத்தாலும் அதைவிட அதிகம். இயந்திரம் இல்லை, இறக்கை இல்லை. காலில் கட்டிய இரண்டு நீளமான ஸ்கீ பலகைகள் மட்டும்தான்.

சாதனை நடந்த இடத்தின் பெயர் பிளானிட்சா. ஸ்லோவீனியாவின் வடமேற்கே, ஜூலியன் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள பள்ளத்தாக்கு அது. அந்த இடத்தை உலகமே திரும்பிப் பார்க்கவைத்தவர்களில் முக்கியமானவர் ஸ்டாங்கோ புளவ்டெக். அவர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்லோவீனிய விளையாட்டு உலகம் இன்னும் அவரை மறக்கவில்லை.

ஸ்கீ ஜம்பிங், ஸ்கீ ஃபிளையிங்: என்ன வித்தியாசம்?

இரண்டிலும் செய்வது ஒன்றுதான். உயரமான சரிவிலிருந்து வழுக்கி வந்து, மேடையின் விளிம்பில் எம்பி, முடிந்தவரை தூரம் சென்று, கீழே உள்ள சரிவில் இறங்க வேண்டும்.

வித்தியாசம் மேடையின் அளவில் இருக்கிறது. ஒலிம்பிக்கில் நடப்பது ஸ்கீ ஜம்பிங். ஸ்கீ ஃபிளையிங்கிற்கான மேடைகள் அதைவிட ரொம்பப் பெரியவை. அங்கு வீரர்கள் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் விளிம்பைத் தாண்டுவார்கள். ஒலிம்பிக்கில் ஸ்கீ ஃபிளையிங் கிடையாது. அதற்கெனத் தனி உலக வெற்றியாளர் போட்டி உண்டு. பொதுவாக ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும்.

ஐரோப்பாவின் 5 இடங்களில் மட்டுமே அந்தப் போட்டி இதுவரை நடந்திருக்கிறது. முதல் போட்டி 1972இல் நடந்தது பிளானிட்சாவில்தான்.

சுரங்க நகரில் பிறந்தவர்

புளவ்டெக் 1890 பிப்ரவரி 11ஆம் தேதி இட்ரியா நகரில் பிறந்தார். பாதரசச் சுரங்கத்துக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தது. அப்பா செக் இனத்தவர், அம்மா ஸ்லோவீனியர்.

இளம் வயதில் அவரை ஈர்த்தது பனி அல்ல, வானம். விமானங்கள் அப்போதுதான் பறக்கக் கற்றுக்கொண்டிருந்த காலம். பிராகில் படித்த அவர், புகழ்பெற்ற விமான வடிவமைப்பாளர் இகோ எட்ரிச்சிடம் வேலை பார்த்தார்.

முதல் உலகப் போருக்குப் பிறகு பேரரசு உடைந்து, யுகோஸ்லாவியா என்ற புதிய நாடு உருவானது. லுப்லியானா நகரில் குடியேறிய புளவ்டெக், 'ஸ்ராகா', 'லோய்ஸே' ஆகிய சிறிய விமானங்களை வடிவமைத்தார்.

ஆனால் லோய்ஸே விமானம் ஒரு நாள் விழுந்து நொறுங்கியது. அதை ஓட்டிய யானெஸ் ட்சோல்னார் உயிரிழந்தார். புளவ்டெக் விமானங்களை வடிவமைப்பதை விட்டுவிட்டார்.

வானத்திலிருந்து மைதானத்துக்கு

விளையாட்டு அவருக்குப் புதிதல்ல. பனியில் கலைநயச் சறுக்கு, வட்டு எறிதல் என்று தானே களமிறங்கிப் போட்டியிட்டவர். லுப்லியானாவின் இலிரியா விளையாட்டுச் சங்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். அந்தச் சங்கத்துக்காக நீச்சல் குளம் கட்டியதிலும் அவர் பங்கு உண்டு.

அவர் அதிகம் கவனம் செலுத்தியது ஸ்கீ தாண்டும் மேடைகளில். பல இடங்களில் மேடைகளை வடிவமைத்தார். பிளானிட்சா அவற்றில் ஆகப் பிரபலமானது.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லணும். பிளானிட்சாவின் பெரிய மேடை புளவ்டெக் ஒருவரின் வேலை அல்ல. 1930களின் தொடக்கத்தில் அதைத் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கியவர் பொறியாளர் இவான் ரோஷ்மான். நாட்டின் பனி விளையாட்டுச் சங்கத்தைச் சேர்ந்த யோசோ கோரெட்ஸ் அதற்காக ஓடியாடி உழைத்தார். புளவ்டெக் பிறகு மேடையை மாற்றியமைத்துப் பெரிதாக்கினார். ஆனால் மேடைக்கு நிலைத்த பெயர் 'புளவ்டெக்கின் இராட்சசி' என்று பொருள்படும் ஸ்லோவீனியப் பெயர். ரோஷ்மானின் பெயர் நெடுங்காலம் பின்னால் தள்ளப்பட்டது.

100 மீட்டரைத் தாண்டிய 18 வயது இளையர்

1934 மார்ச்சில் அந்த மேடையில் முதல் அனைத்துலகப் போட்டி. நார்வேயின் பிர்கர் ரூட் 92 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்தார்.

அடுத்த இலக்கு 100 மீட்டர். மனிதனால் அது முடியாது என்று நினைத்தவர்கள் பலர். 1936 மார்ச்சில் ஆஸ்திரியாவின் செப் பிராடில் அதைத் தாண்டிக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 18.

கொண்டாட்டம் ஒரு பக்கம். எதிர்ப்பு மறுபக்கம்.

மேடைகள் பெரிதாகிக்கொண்டே போவதை அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனம் விரும்பவில்லை. தூரத்துக்காக வீரர்களின் உயிரைப் பணயம் வைக்கலாமா என்பதுதான் கேள்வி. விளையாட்டா, வெறும் சாகசமா என்ற வாதம் தொடர்ந்தது. 1938இல்தான் சம்மேளனம் கொஞ்சம் இறங்கிவந்தது. ஸ்கீ ஃபிளையிங்கைச் சோதனை அடிப்படையில் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு பிராடில் பிளானிட்சாவில் 107 மீட்டர் பறந்தார்.

விழுந்தால் அடிபடாதா?

புளவ்டெக் போன்ற பொறியாளர்களின் திறமை இங்கேதான் தெரியும்.

மாடியிலிருந்து தட்டையான தரையில் குதித்தால் மொத்த வேகமும் காலில் இடிக்கும். ஆனால் தரை நாம் விழும் திசையிலேயே சரிந்திருந்தால்? வேகத்தின் பெரும்பகுதி சரிவோடு ஓடிவிடும். உடம்பில் படும் அடி குறையும்.

அதனால் மேடையின் சரிவு, வீரர் காற்றில் போகும் வளைவை ஒட்டியே வளைந்து இறங்க வேண்டும். நன்றாக வடிவமைத்த மேடையில் வீரர் தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் பறந்துகொண்டிருப்பார். தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான் வானத்தில் மிதப்பதுபோல் தெரியும்.

ஆபத்து எங்கே? சரிவு முடிந்து தரை தட்டையாகும் இடத்தில். அதுவரை பறந்துவிட்டால் அடி பலமாக விழும். வீரர்கள் இன்னும் தூரம் பறக்க வேண்டும் என்றால் சரிவும் நீள வேண்டும். காற்றையும் வளைவையும் புரிந்துகொண்ட விமானப் பொறியாளர் ஒருவர் இந்த வேலைக்கு வந்தது சும்மா இல்லை.

அவர் பார்க்காத போட்டி

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் புளவ்டெக் ஓயவில்லை. 1948இல் சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் ட்ஷானென் பிளானிட்சாவில் 120 மீட்டர் பறந்தார். அதே ஆண்டு புளவ்டெக் அனைத்துலக ஒலிம்பிக் குழுவில் யுகோஸ்லாவியாவின் உறுப்பினரானார். இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஆனால் பிளானிட்சா பின்தங்கத் தொடங்கியது. 1950இல் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் இன்னும் பெரிய மேடை வந்தது. அங்கே சுவீடனின் டான் நெட்ஸெல் 135 மீட்டர் பறந்தார். உலகச் சாதனை கைமாறியது.

1959 நவம்பர் 26ஆம் தேதி புளவ்டெக் லுப்லியானாவில் காலமானார். அவருக்கு வயது 69. ஸ்கீ ஃபிளையிங்கிற்கு அப்போது உலக வெற்றியாளர் போட்டி கிடையாது.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்கள் கோரிஷெக் சகோதரர்கள், விளாடோவும் யானெஸும். பழைய மேடைக்குப் பக்கத்திலேயே புதிய, மிகப் பெரிய மேடையைக் கட்டினார்கள். 1969இல் அது திறக்கப்பட்டது. அந்த ஆண்டே அங்கு 165 மீட்டர் சாதனை பதிவானது. சாதனை மீண்டும் பிளானிட்சாவுக்கே வந்தது.

1972இல் முதல் உலக வெற்றியாளர் போட்டி அங்கே நடந்தது. சுவிட்சர்லாந்தின் வால்ட்டர் ஸ்டெய்னர் வென்றார். ஈராண்டு கழித்து அதே மேடையில் அவர் 177 மீட்டர் வரை பறந்து, தரை தட்டையாகும் பகுதியை நெருங்கி விழுந்தார். சம்மேளனம் 1930களில் கேட்ட கேள்வி அப்போதும் உயிரோடு இருந்தது. இன்றும் இருக்கிறது.

1994இல் பின்லாந்தின் டோனி நீமினென் 200 மீட்டரைத் தாண்டியதும் பிளானிட்சாவில்தான்.

இன்று மிச்சமிருப்பது என்ன?

ஸ்லோவீனியாவில் விளையாட்டுத் துறையின் ஆக உயரிய விருது புளவ்டெக் பெயரில் வழங்கப்படுகிறது. 1965 முதல் அந்த வழக்கம் தொடர்கிறது.

அவருடைய பெயர் தாங்கிய மேடை 2001இல் இடிந்து விழுந்தது. அது அப்படியே மறந்துபோயிருக்கலாம். ஆனால் 2012இல் அதே இடத்தில் புதிய மேடை எழுந்தது, பழைய பெயரோடு.

ஏறக்குறைய 20 லட்சம் பேர் மட்டுமே வாழும் நாடு ஸ்லோவீனியா. டோமென் பிரெவ்ட்ஸ் உலகச் சாதனை படைத்தது தன் சொந்த நாட்டு மேடையில், சொந்த மக்கள் முன்னிலையில். அந்த 254.5 மீட்டரில் முதல் 100 மீட்டருக்கான வழியைப் போட்டுத் தந்தவர்கள் ரோஷ்மானும், விமானங்களை விட்டுவிட்டு மலைக்கு வந்த புளவ்டெக்கும்.