அக்கிக்கு மருந்து கண்ட அம்மையார்

விலாப்புறத்திலோ நெற்றியிலோ ஒருபக்கமாக நெருப்புப் பட்டாற்போல் எரிச்சல் தோன்றும்; இரண்டொரு நாளில் அவ்விடத்தில் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும். இதனை அக்கி என்பர். கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களின் சிற்றூர்களில், மட்பாண்டம் வனைவோரிடம் சென்று காவிக்கல்லைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நெடுநாளையது. காவியின் குளிர்ச்சி எரிச்சலைச் சற்றே தணிக்கலாம்; உள்ளே பெருகும் வைரசை அது தொடுவதில்லை. இளமையில் சின்னம்மையாக வந்த அதே வைரசுதான் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, உடல் தளர்ந்த காலத்தில் அக்கியாக விழித்தெழுகிறது. அதன் பெருக்கத்தைத் தடுக்க வழிகண்டவர்களுள் தலையாயவர் கெர்ட்ரூட் எலியன் அம்மையார்.

அவர் 1918 சனவரி 23 அன்று நியூயார்க்கில் பிறந்தார். பதினைந்து வயதில், தம் பாட்டனார் புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்டார். அதுவே அவரை வேதியியலின்பால் செலுத்தியது. கட்டணமில்லாத ஹண்டர் கல்லூரியில் பயின்று 1937 இல் பட்டம் பெற்றார். ஆயினும் ஆய்வகக் கதவுகள் திறக்கவில்லை. பெண் ஒருத்தி இருந்தால் ஆடவர் கவனம் சிதறும் என்று கூறியும் அவரை மறுத்தனர். ஊதியமின்றி உழைத்தார், பள்ளியில் கற்பித்தார், ஊறுகாயின் புளிப்பை அளக்கும் வேலையும் பார்த்தார். இதற்கிடையே மணம் பேசப்பட்டிருந்தவர் இதய உள்ளுறைத் தொற்றால் மாண்டார். பெனிசிலின் புழக்கத்துக்கு வந்திராத காலம் அது. அதன்பின் அம்மையார் திருமணமே செய்துகொள்ளவில்லை.

உலகப்போரால் ஆய்வகங்களில் ஆள் குறைந்தது. 1944 இல் பர்ரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்சின் உதவியாளராகச் சேர்ந்தார். (சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் பணியாற்றிய ஹார்வர்டு ஆய்வகத்திலேயே ஹிட்சிங்சும் முன்னர் ஆய்வு செய்தவர்.) மாலைநேர மாணவியாக முனைவர் பட்டத்துக்குப் படித்துவந்த எலியனிடம், வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பயில வேண்டும் எனக் கல்வி நிறுவனம் வற்புறுத்தியது. அவர் பட்டத்தை விட்டார், வேலையை விடவில்லை.

செல் பிளவுபட டி.என்.ஏ. வேண்டும். அதன் கட்டுமானப் பொருளைப் போலவே தோன்றும் போலிப் பொருளைக் கொடுத்தால் கட்டுமானம் நின்றுவிடும் என்பது இவர்தம் அணுகுமுறை. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோபியூரின் இவ்வாறே பிறந்தது. ஆனால் வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வது. அதனை அழிக்கும் மருந்து செல்லையும் அழித்துவிடும் என்றே பலரும் கருதினர். அவ்வெண்ணத்தை மாற்றியது, ஹோவர்டு ஷேஃபர் முதலியோருடன் எலியனின் குழு உருவாக்கிய அசைக்ளோவிர். குவானோசினைப் போன்ற இப்பொருளில் சர்க்கரை வளையம் முழுமையாக இல்லை. ஹெர்பிஸ் குடும்ப வைரசுகள் சிலவற்றின் நொதியே இதில் முதல் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. எஞ்சிய இரண்டை நம் செல்லின் நொதிகள் சேர்க்கின்றன. பின்னர் அது வைரசின் டி.என்.ஏ. சங்கிலியில் போய் அமர்கிறது. அடுத்த கண்ணியைப் பிணைக்கும் கொக்கி அதில் இல்லாமையால் சங்கிலி அங்கேயே அறுபடுகிறது. தொற்றில்லாத செல்லில் அந்த முதல் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி இல்லை; ஆதலின் மருந்து பெரும்பாலும் வாளா கிடக்கும். வைரஸ் தன் கையாலேயே தன் மருந்தைக் கூர்தீட்டிக்கொள்கிறது எனலாம்.

நரம்பில் உறங்கும் வைரசை இம்மருந்து அகற்றாது. பெருகும்போதுதான் தடுக்கும், எனவே கொப்புளம் தோன்றிய மூன்று நாள்களுக்குள் தொடங்குவது நன்று. கண்ணருகே எழும் அக்கி பார்வையையே பறிக்கக்கூடும். கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு இறங்கிவரும் முதியவர், முதலில் காவி எழுதி நாள் கடத்தினால், இழப்பது அந்த மூன்று நாள்களைத்தான்.

1988 இல் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் எலியன் நோபல் பரிசு பெற்றார். பயின்று பெற்ற முனைவர் பட்டம் அப்போதும் அவரிடம் இல்லை. 1999 பிப்ரவரி 21 அன்று மறைந்தார்.