பொய்ச்சீட்டைக் கிழித்த பெருமகன்

தேன் என்று சீட்டு ஒட்டியிருக்கும்; புட்டிக்குள்ளே குளுகோசுப் பாகு! காப்பித்தூள் என்று கேட்டால் சிக்கரியும் மரத்தூளும் கிடைக்கும். மிளகுத்தூள் கேட்டால் தேங்காய்ச் சிரட்டையை அரைத்துத் தருவார்கள். பால் புளிக்காதிருக்க, பிணம் அழுகாதிருக்க ஊற்றும் பார்மலினை ஊற்றுவார்கள். பச்சைப் பட்டாணி பச்சையாகவே இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். வாங்கியவன் உண்டான், குழந்தைக்கும் ஊட்டினான், நோயுற்றான். விற்றவனோ மாளிகை கட்டினான்!

எங்கே இந்த அக்கிரமம்? சுதந்திர தேவிக்குச் சிலை எழுப்பிய அமெரிக்காவில்! எப்போது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். வீதியிலே வழிப்பறி செய்தவனைச் சிறையில் தள்ள அங்கே சட்டம் இருந்தது. வயிற்றிலே வழிப்பறி செய்தவனைத் தொட, நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவர ஒருவர் தம் வாழ்நாளை ஈந்தார். படை திரட்டியவரல்லர், பட்டம் ஆண்டவரல்லர், சோதனைக் குழாயும் துலாக்கோலும் பிடித்த வேதியியல் அறிஞர். ஹார்வி வாஷிங்டன் வைலி அவர் பெயர். அவர் கதையை இன்று நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

1844 அக்டோபர் 18-ல், இந்தியானா மாநிலத்தில் ஓர் உழவர் குடியில் பிறந்தார் வைலி. தந்தை அடிமை முறையை வெறுத்தவர். கருப்பின மக்களை மாடுகளைப் போல் ஏலமிட்ட காலத்திலே, அது தகாது என்று சொல்லும் துணிவு அந்தக் குடிசையில் இருந்தது. மகனும் உள்நாட்டுப் போரில் அடிமைத்தளையை அறுக்க நின்ற படையிலே சேர்ந்தார். போர் முடிந்தபின் ஹானோவர் கல்லூரியிலே கற்றார். 1871-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஹார்வர்டிலே அறிவியல் பயின்றார். 1874-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார்.

அங்கே ஒரு வேடிக்கை! வைலி உயரச் சக்கர மிதிவண்டியில் ஏறிக் கல்லூரிக்கு வந்தாராம், மாணவரோடு பந்தாடினாராம். பேராசிரியருக்கு இது அடுக்குமா என்று நிர்வாகிகள் அழைத்துக் கண்டித்தனர். பழைமைக்குப் புதியது எதைக் கண்டாலும் காய்ச்சல்தானே! அது காசியாக இருந்தாலென்ன, இந்தியானாவாக இருந்தாலென்ன!

செருமனி சென்று புதிய ஆய்வுக் கருவிகளின் நுட்பம் கற்றுத் திரும்பியவர், தம் மாநிலத்துக் கடைகளில் விற்ற தேனையும் பாகையும் சோதித்தார். பொய் வெளிப்பட்டது. நல்ல தேன் விற்ற நாணயஸ்தன் நட்டத்தில் நலிந்தான். பாகு கலந்த பாதகன் பணத்தில் புரண்டான். கலப்படம் இருவரைக் கொல்கிறது என்பதை அன்றே கண்டார் வைலி: உண்பவனை ஒரு பக்கம், ஒழுங்காகத் தொழில் செய்பவனை மறுபக்கம்.

1883-ல் வாஷிங்டன் நகரில் வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலாளரானார். 1887 முதல் கலப்படத்தைப் பற்றி அறிக்கை மேல் அறிக்கையாக வெளியிட்டார். பால், வெண்ணெய், மசாலை, சாராயம், சர்க்கரை, டப்பி உணவு ஒவ்வொன்றின் முகத்திரையும் கிழிந்தது. ஆனால் என்ன பயன்? உணவுத் தூய்மை மசோதாக்கள் நூற்றுக்கு மேல் நாடாளுமன்றத்துக்கு வந்தன. வந்த வழியே மாண்டன. பணமூட்டைகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தன!

அறிக்கையைப் படிக்காதவனும் அறியும்படி ஏதேனும் செய்யவேண்டும் என்று எண்ணினார் வைலி. 1902-ல் தம் அலுவலகத்தின் கீழ்த்தளத்திலே ஒரு பந்தி போட்டார். பன்னிரண்டு இளைஞர்கள், தாமாக முன்வந்தவர்கள், அங்கே உண்டனர். நல்ல உணவு; அதிலே வணிகர்கள் சேர்க்கும் அதே மருந்து, அளவோடு! முதலில் வெண்காரம். வெண்ணெயில் கலந்தார்கள், இளைஞர்கள் வெண்ணெயை ஒதுக்கினார்கள். பாலில் கலந்தார்கள், பாலையும் ஒதுக்கினார்கள். கடைசியில் குளிகையாக்கி விழுங்கச் செய்தார்கள். எடை பார்த்தார்கள், நாடி பார்த்தார்கள், கழிவையும் சோதித்தார்கள். வயிற்றுவலி வந்தது, தலைவலி வந்தது, பசி போயிற்று. அடுத்து சாலிசிலிக் அமிலம், அடுத்து கந்தகம், அடுத்து பார்மலின் என ஐந்தாண்டு நடந்தது அந்தப் பந்தி. ஏடுகள் அதற்கு நஞ்சுப் படை என்று பெயரிட்டு நகைத்தன. நகைத்தபடியே நாடெங்கும் பரப்பின. நகைச்சுவையாகப் படித்தவர், தம் தட்டைப் பார்த்துத் திடுக்கிட்டனர்.

உடன் நின்றவர் யார்? பெண்கள்! வாக்குரிமை அற்றிருந்த அமெரிக்கப் பெண்கள், தத்தம் மாதர் கழகங்களில் வைலியை அழைத்துப் பேசவைத்தனர், கடிதம் எழுதினர், தூது சென்றனர். சட்டமன்றத்தில் இடமில்லாதவர்கள் சட்டம் செய்ய வைத்த வரலாறு அது.

1906-ல் அப்டன் சிங்க்ளேர், சிகாகோ இறைச்சித் தொழிற்கூடங்களின் அவலத்தை நாவலாக்கினார். தொழிலாளியின் துயரைச் சொல்ல எழுதினார் அவர். நாடோ தன் உணவை எண்ணிப் பதறிற்று. பதற்றம் வெள்ளமாயிற்று, வெள்ளம் கரையை உடைத்தது. 1906 ஜூன் 30-ல் தூய உணவு மருந்துச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் கையெழுத்திட்டார். அதன் உயிர்நாடி எளிது: சீட்டிலே பொய் எழுதாதே! மக்கள் அதை வைலி சட்டம் என்றே அழைத்தனர்.

வென்றதும் ஓய்ந்ததா போர்? இல்லை. சாக்கரினைப் பற்றிய விவாதத்தில், அது உடலுக்குக் கேடு என்று ரூசவெல்ட்டின் முகத்துக்கு நேரே உரைத்தார் வைலி. ரூசவெல்ட்டோ தம் மருத்துவர் சொற்படி நாள்தோறும் சாக்கரின் உண்பவர்! கோபம் கொண்டார். வைலிக்கு மேலே ஒரு குழுவை நியமித்தார். குழுவின் தலைவர் யார் தெரியுமா? சாக்கரினைக் கண்டுபிடித்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஐரா ரெம்சன்! வெள்ளாட்டுக் கிடைக்கு நரி நாட்டாண்மை.

கோக்கோ-கோலா மீது வழக்குத் தொடர்ந்தார். 1911-ல் கீழ் நீதிமன்றத்தில் அரசு தோற்றது. 1916-ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றபோது வைலி பதவியில் இல்லை. பொய்க் குற்றச்சாட்டு சுமத்தினர். விசாரணையில் தூயவர் என்று தெளிந்தது. ஆயினும் கைகள் கட்டப்பட்ட நாற்காலி எதற்கு என்று 1912 மார்ச்சில் பதவியைத் துறந்தார். ஓர் இல்லத்தரசியர் ஏட்டின் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, பொருள்களைச் சோதித்து மக்களுக்கு எடுத்துரைத்தார். 1930 ஜூன் 30-ல், சட்டம் பிறந்த அதே நாளில், மறைந்தார்.

இப்போது காரணத்துக்கு வருவோம்.

இன்று புட்டி மாறிவிட்டது. சீட்டு கைப்பேசித் திரைக்கு ஏறிவிட்டது. சேலத்திலும் நாமக்கல்லிலும் இரவு நேரத்தில் விரலால் தொட்டு இட்லியும் பிரியாணியும் வரவழைக்கிறோம். வசதிதான், நாம் அறிவியலுக்குப் பகைவரல்லர். ஆனால் திரையிலே ஒரு விலை, பில்லின் அடியிலே வேறு விலை! 2023-ல் 2 ரூபாயாகத் தொடங்கிய மேடைக் கட்டணம் 10 ரூபாயைத் தாண்டி ஏறியது. 2024-ல் ரங்காரெட்டி மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்விக்கி மீது தீர்ப்பளித்ததே, நினைவிருக்கிறதா? 9.7 கிலோமீட்டர் தொலைவை 14 கிலோமீட்டராகக் காட்டி, உறுப்பினராகச் சேர்ந்தவரிடமே 103 ரூபாய் விநியோகக் கட்டணம் வாங்கிய வழக்கு. ஒரு தனி மனிதர் தொடுத்தார். 35,000 ரூபாய்க்கு மேல் கட்டும்படி ஆணை பிறந்தது.

2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. கேளாத பொருளைக் கூடையில் நுழைப்பது, விலையைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது, இதோ தீர்ந்துவிடும் என்று போலி அவசரம் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. நன்று! ஆனால் 2025 ஜூனில் அதே ஆணையம், நிறுவனங்களே தம்மைத் தாமே மூன்று மாதத்தில் தணிக்கை செய்துகொள்ளட்டும் என்று அறிவுரை கூறிற்று. ரெம்சன் குழுவின் கதை நினைவுக்கு வருகிறதல்லவா?

நாமக்கல் உணவக உரிமையாளர்கள், கழிவுத் தொகையும் கூடுதல் கட்டணங்களும் தாங்கமுடியவில்லை என்று, 2025 ஜூலை முதல் ஸ்விக்கி, சொமேட்டோ நிறுவனங்களுக்கு உணவு தருவதில்லை என முடிவெடுத்தனர். அடுப்படியில் வேகிறவன் ஒருவன். வெயிலில் வண்டி ஓட்டுகிறவன் ஒருவன். திரையை வைத்திருப்பவன் வேறொருவன். தேன் விற்ற நாணயஸ்தனின் குரல் நாமக்கல்லில் மீண்டும் கேட்டது.

ஆனால் உணவகத்தாருக்கும் ஒரு சொல். 2023 செப்டம்பரில் இதே நாமக்கல்லில், வாங்கி வந்த ஷவர்மாவைத் தின்ற 14 வயதுப் பள்ளிச் சிறுமி மாண்டாள். நாற்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் கிடந்தனர். விலையிலே பொய் பையைக் கடிக்கும். உணவிலே கேடு உயிரைக் குடிக்கும். அடுக்களைத் தூய்மைக்கு எந்தச் செயலியும் சாக்காகாது.

தோழர்களே! கருவிகள் நம் கையில் இருக்கின்றன. பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிடப்பட்டிருக்கவேண்டும் என்பது 2022 முதல் விதி, பாருங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் பெங்களூரில் இருந்தாலென்ன, குர்கானில் இருந்தாலென்ன, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்தி வாங்கியவற்றுக்கு வழக்குக் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை.

பத்து ரூபாய்தானே என்று விட்டுவிடுகிறோம். கோடிப் பேர் விட்டுவிடும் பத்து ரூபாய், சீமான்களின் கருவூலமாகிறது. வாக்கில்லாத பெண்களும் வயிற்றைப் பணயம் வைத்த பன்னிரண்டு இளைஞரும் ஒரு பேரரசின் சட்டத்தை மாற்றினார்கள். வாக்கும் சட்டமும் கையிலுள்ள நாம், பில்லைப் படிக்கவாவது வேண்டாமா?