சுவரில் பதிந்த விரல்கள்

குழந்தை சுவரைக் கறையாக்கினால் பெரியவர்களுக்கு முதலில் வருவது கோபம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு ரோம் நகரில் ஓர் ஆசிரியை, கோபத்தை ஒதுக்கிவிட்டுக் கறையை உற்றுப் பார்த்தார். இன்று மழலையர் வகுப்புகளில் வழக்கமாகிவிட்ட விரல் ஓவியம் அந்தப் பார்வையில் பிறந்தது. அவர் பெயர் ரூத் ஃபெய்சன் ஷா.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கெனன்ஸ்வில் என்ற சிற்றூரில், 1889-இல் பாதிரியார் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் ஷா. இளம் வயதிலேயே ஆசிரியப் பணிக்கு வந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் படைவீரர் நலப் பணிக்காக பிரான்ஸுக்குச் சென்றார். பின்னர் ரோமில், ஆங்கிலம் பேசும் குடும்பத்துக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கினார்.

அங்கேதான் அந்த நிகழ்ச்சி. விரலில் காயம்பட்ட சிறுவன் ஒருவனை அயோடின் தடவிக்கொள்ள அனுப்பினார். வெகுநேரமாகியும் அவன் திரும்பவில்லை. சென்று பார்த்தால், அந்த மருந்தையே குளியலறைச் சுவரில் விரலால் பூசி மகிழ்ந்துகொண்டிருந்தான்.

குறும்பு என்று கடந்துபோகாமல், தேவை என்று அதைப் புரிந்துகொண்டார் ஷா. வாயில் பட்டாலும் தீங்கு செய்யாத, துணியிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளாத, வழுவழுப்பான வண்ணக் குழம்பொன்றை உருவாக்கினார். நனைத்த தாளில் அதை இட்டு, விரலாலும் உள்ளங்கையாலும் முழங்கையாலும்கூட வரையலாம். பிடிக்கவில்லையெனில் ஒரே தடவலில் அழித்து மீண்டும் தொடங்கலாம். தூரிகையைப் பிடிக்கப் பழகாத பிஞ்சுக் கைகளுக்கு இது பெரும் விடுதலை. தவறிவிடுமோ என்ற அச்சத்துக்கும் அங்கே இடமில்லை.

விரலால் வரைவது அவருடைய கண்டுபிடிப்பு அன்று. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சீன ஓவியர் காவ் சிபெய் அதில் புகழ்பெற்றவர். தேர்ந்த கலைஞனின் திறனாக இருந்ததைக் குழந்தையின் உரிமையாக்கியதே ஷாவின் சாதனை.

1930-களில் நியூயார்க் திரும்பி, 1934-இல் தம் முறையை நூலாக்கினார். பிற்காலத்தில் கன்சாஸ் மாநிலத்தின் மெனிங்கர் மனநல நிறுவனத்தில், சொற்களால் துயரத்தைச் சொல்ல இயலாதவர்களுக்கும் இந்த வண்ணங்களைக் கொடுத்தார். 1969-இல் மறைந்தார்.

அன்று அச்சிறுவனுக்குத் தண்டனை மட்டும் கிடைத்திருந்தால் சுவர் தூய்மையாகியிருக்கும்; அவ்வளவே. குழந்தை கலைத்துப்போடும் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்கும் பொறுமை நமக்கு இருக்கிறதா என்பதே ஷாவின் வாழ்க்கை நம்முன் வைக்கும் வினா.