உழைப்பாளர் தெருவில் மலர்ந்த எழுத்து

பாட்டாளியின் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்போர்க்கு நாம் மரியா மாண்டிசோரியைக் காட்டுகிறோம்.

இத்தாலியிலே 1870-இல் பிறந்தார், 1896-இல் மருத்துவரானார். 1907-இல் ரோம் நகரத்துச் சான் லோரன்சோவில், உழைத்துப் பிழைப்போர் குடியிருப்பிலே, குழந்தைகள் இல்லம் திறந்தார். அடியா? இல்லை. அதட்டலா? இல்லை. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரல் தடவிற்று, வாய் ஒலித்தது. பிறகு எழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்கினர் சிறார். நான்கு, ஐந்து வயதிலே எழுதினர். எழுதிய பின்னரே படித்தனர். முதலில் சொல், அடுத்துத் தொடர் — படிப்படியாக!

முசோலினி ஆட்சியோடு முரண்பட்டு 1934-இல் தாயகம் துறந்தார். 1939-இல் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி தந்தார். 1952-இல் மறைந்தார்.

விதை பழுதல்ல தோழர்களே, விதைக்கும் முறையே பழுது! மாலையில் வீடு திரும்பியதும், பிள்ளையை வையாமல், விரல் பிடித்து ஓர் எழுத்து வரையச் செய்வோம்.